பீ அம்மா: சமுதாயத்தின் மூதாட்டி

 

நம் ஜமாஅத்தின் ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபோது, கருங்குழிக் கோட்டையைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். கர்நாடகப் போர்களின் காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அந்தக் கோட்டைக்காக மோதிக்கொண்ட செய்தி பெரியவர்கள் பலருக்கும் தெரிந்ததே. (வடலூரை அடுத்து இராமலிங்க அடிகளார் வாழ்ந்த கருங்குழி வேறு, மதுராந்தகத்தை அடுத்த நம் கருங்குழி வேறு. இன்றும் வெளியூர் நண்பர்கள் இதில் குழம்புகிறார்கள்.) கோட்டை பற்றி நான் முன்பு எடுத்து வைத்திருந்த குறிப்புகளைத் தேடி வீட்டுப் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். குறிப்புகள் கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில் பழைய நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதன் மேல் என் சிறுவயதுக் கையெழுத்தில் 'பிடியரிசிக் கணக்கு' என்று எழுதியிருந்தது.

பிடியரிசி என்றால் இன்றைய இளைஞர்களுக்கு விளங்காமல் போகலாம். சோறாக்க அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும், உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வீட்டுப் பெண்கள் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அந்த அரிசியை வாரம் ஒருமுறை வீடு வீடாகச் சென்று திரட்டி, மக்தப் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும் இல்லாதவர் வீடுகளுக்கும் கொடுப்பார்கள். மிஞ்சியதை விற்றுப் பாய், விளக்கெண்ணெய் போன்றவை வாங்குவதும் உண்டு. தமிழகத்தின் பல மஹல்லாக்களில் இந்த ஏற்பாடு இருந்தது. எங்கள் தெருவில் அதைத் திரட்டியவர் என் நன்னி, அதாவது என் தாயாரைப் பெற்றவர். குர்ஆனைத் தட்டுத் தடங்கலின்றி ஓதுவார். ஆனால் தமிழ் எழுதத் தெரியாது. ஆகவே வியாழக்கிழமை மாலைகளில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன்.

அந்த நோட்டை இப்போது புரட்டியபோது என் மனம் துணுக்குற்றது. அதில் மொத்தம் முப்பத்தொரு வீடுகளின் கணக்கு இருக்கிறது. அரைப்படி, ஆழாக்கு என்று அளவுகள் ஒழுங்காக உள்ளன. ஆனால் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை! நன்னி ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்த வீட்டுப் பெண்ணின் பெயரைத்தான் சொன்னார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானோ, பள்ளிக்கூடத்தில் தகப்பனார் பெயரை எழுதிப் பழகிய கையால், ஒவ்வொரு வரியிலும் அந்த வீட்டு ஆண்மகனின் பெயரை எழுதியிருக்கிறேன். அரிசியைத் தன் பங்கிலிருந்து எடுத்து வைத்தவர் ஒருவர். கணக்கில் ஏறிய பெயர் மற்றொருவருடையது.

ஆகவேதான் கோட்டையை விட்டுவிட்டு ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவரை இந்தியா முழுவதும் ஒரு காலத்தில் 'பீ அம்மா' என்று அழைத்தது. 'பீ' என்பது நம் வீடுகளில் வழங்கும் 'பீவி' என்ற சொல்லின் சுருக்கந்தான். அவரது இயற்பெயர் ஆபாதி பானு பேகம் என்பது வரலாறு படித்தவர்களிலும் சிலருக்கே தெரியும். அலி சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற மௌலானா முஹம்மது அலி, மௌலானா ஷவ்கத் அலி ஆகியோரின் தாயார் என்றால் உடனே விளங்கிவிடும். இப்படித்தான், மகன்மாரின் பெயரைக்கொண்டு தாயை அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது.

நன்னியின் வாயிலாகவே நான் முதன்முதலில் பீ அம்மாவின் கதையைக் கேட்டேன். நன்னியின் தகப்பனார் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டி ஒன்றில் வேலை பார்த்தவர். 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காந்தியடிகளும் ஷவ்கத் அலியும் சென்னை வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கிலாபத் பற்றிப் பேசியபோது, அந்தக் கூட்டத்தில் தாமும் நின்றதாக அவர் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆனால் ஷவ்கத் அலியின் ஆகிருதியையும் குரலையும் சொல்லி முடித்த கையோடு, 'இவரைப் பெற்ற தாய் எப்படிப்பட்டவர் தெரியுமா?' என்று தொடங்கிவிடுவாராம். அந்த இரண்டாம் பகுதியைத்தான் நன்னி எனக்குச் சொன்னார். அவர் சொன்னவற்றில் சிறிது கதையும் கலந்திருந்தது. பிற்காலத்தில் நூல்களைப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆபாதி பானு பேகம் 1850ஆம் ஆண்டு, இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள அம்ரோஹாவில் பிறந்தார். 1857ஆம் ஆண்டு பெரும் கிளர்ச்சி மூண்டபோது அவர் ஏழு வயதுச் சிறுமி. அந்தக் கிளர்ச்சியும் அதன்பின் வந்த கொடிய பழிவாங்கலும் வட இந்திய முஸ்லிம் குடும்பங்களை எப்படிச் சிதைத்தன என்பதைக் கண்டும் கேட்டும் வளர்ந்த தலைமுறை அது. ராம்பூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்த அப்துல் அலி கான் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். ஐந்து ஆண்மக்களும் ஒரு மகளும் பிறந்தனர். 1880ஆம் ஆண்டு கணவர் காலரா நோயால் வஃபாத்தானார். அப்போது முஹம்மது அலிக்கு இரண்டு வயது நிறையவில்லை. தாயாருக்கோ முப்பது வயதை ஒட்டிய பருவம். மறுமணம் செய்துகொள்ளாமல் பிள்ளைகளை வளர்ப்பதிலேயே அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

இனி வரும் நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிற்காலத்தில் அந்த அம்மையார் மேடைகளில் செய்தவற்றுக்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கணவர் விட்டுச்சென்ற சொத்தைப் பிள்ளைகளின் சிறிய தகப்பனார் நிருவகித்து வந்தார். மூத்த மகனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாயிற்று. அடுத்து ஷவ்கத் அலியையும் பரேலி நகரில் உள்ள ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென அம்மையார் விரும்பினார். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சம் அக்காலத்தில் வலுவாக இருந்தது. சர் சையத் அஹ்மத் கான் 1875இல் அலிகரில் தொடங்கிய பள்ளியைப் பற்றியே கடுஞ்சொற்கள் பேசப்பட்ட நாட்கள் அவை. குடும்பத்தில் ஒருவன் கெட்டது போதாதா என்னும் போக்கில் சிறிய தகப்பனார் செலவுக்குப் பணம் தர மறுத்துவிட்டார்.

அம்மையார் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தம் சொந்த நகைகளில் சிலவற்றை எடுத்து, வீட்டுப் பணிப்பெண் மூலமாக, அண்டையிலிருந்த இந்து லேவாதேவிக்காரர் ஒருவரிடம் அடகு வைத்தார். அந்தப் பணத்தில் மகனைப் பரேலிக்கு அனுப்பி வைத்தார். செய்தி பின்னர்தான் சிறிய தகப்பனாருக்குத் தெரிந்தது. அவர் அதிர்ந்துபோனார், ஆயினும் குடும்பச் சொத்திலிருந்தே பணம் கொடுத்து நகைகளை மீட்டுவந்து ஒப்படைத்தார். அதன்பின் பிள்ளைகளின் படிப்புக்குத் தடை எழவில்லை. முஹம்மது அலி தம் தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். அந்தச் சிறிய தகப்பனாரை வில்லனாகக் காட்டும் சில கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன், அது நியாயமன்று. தம் அறிவுக்கு எட்டிய வரையில் அவர் குடும்பத்தின் தீனைக் காக்க நினைத்தார். தவறு என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். அவரை இறங்கி வரச் செய்தது ஒரு கைம்பெண்ணின் கழுத்து நகை.

நகை அடகு வைத்த அந்தத் தாய் முறையான பள்ளிக் கல்வி பெறாதவர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தாம் பெறாத ஒன்றின் மதிப்பை அவர் எப்படி அறிந்தார் என்பது எனக்கு இன்றளவும் வியப்பாகவே இருக்கிறது. ஷவ்கத் அலியும் முஹம்மது அலியும் அலிகரில் படித்தனர். முஹம்மது அலி 1898இல் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் லிங்கன் கல்லூரியில் வரலாறு பயின்று திரும்பினார். இதே கனவு நம் தென்னாட்டிலும் பின்னர் விளைந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இலும், நம் பெண்பிள்ளைகளுக்கென நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் அவர்கள் முயற்சியால் சென்னை எஸ்.ஐ.இ.டி. கல்லூரி 1955இலும் உருவாயின. விடியற்காலை ரயிலைப் பிடித்துப் புதுக்கல்லூரிக்குப் போய்ப் படித்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வந்தது என்று அவரவர் வீட்டில் விசாரித்துப் பார்க்கலாம். என் வரையில், நன்னியின் காதிலிருந்த அலுக்கத்து ஒரு ஜோடி செங்கல்பட்டு அடகுக்கடைக்குப் போயிற்று. அது திரும்பி வரவேயில்லை.

1911ஆம் ஆண்டு கல்கத்தாவில் முஹம்மது அலி 'காம்ரேட்' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார். பிறகு டில்லிக்கு மாறினார். உருதுவில் 'ஹம்தர்த்' வந்தது. முதல் உலகப்போர் மூண்டு துருக்கி ஆங்கிலேயருக்கு எதிரணியில் சேர்ந்ததும், 1915ஆம் ஆண்டு சகோதரர்கள் இருவரும் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். மெஹ்ரௌலி, லான்ஸ்டவுன் என ஊர் மாற்றி, இறுதியில் மத்திய மாகாணத்துச் சிந்த்வாராவில் இருத்தினர். 1919ஆம் ஆண்டின் இறுதியில்தான் விடுதலை கிடைத்தது. அறுபத்தைந்து வயதைத் தொட்ட தாயார் பிள்ளைகளோடு காவலிலேயே தங்கிவிட்டார். அவரை யாரும் கைது செய்யவில்லை. அவராகவே போய் இருந்தார்.

அந்தக் காவலின்போது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியை நன்னி நடித்தே காட்டுவார். அரசாங்கம் விதித்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்திட்டால் சகோதரர்களை விட்டுவிடுவதாக 1917இல் ஓர் அதிகாரி தாளோடு வந்தார். திரைக்குப் பின்னால் இருந்த தாயாரின் காதில் பேச்சு விழுந்தது. மார்க்கத்துக்கும் நாட்டுக்கும் மாறான எதற்கேனும் தம் மக்கள் கையெழுத்திட்டால், தளர்ந்துபோன இந்தக் கைகளில் அவர்களின் குரல்வளையை நெரிக்கும் அளவுக்கு இறைவன் வலுவைத் தருவான் என்று அவர் சொன்னாராம். நன்னி இதைச் சொல்லும்போது தம் இரு கைகளையும் என் கழுத்தருகே கொண்டுவந்து நிறுத்துவார். எனக்கு மெய்யாகவே பயம் வந்துவிடும். பிறகு அதே கைகளால் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழிப்பார்.

அதே 1917இல் சென்னை மாகாண அரசு அன்னி பெசன்ட் அம்மையாரைக் கைது செய்து உதகையில் காவலில் வைத்தது. நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியால் அவர் சில மாதங்களில் விடுதலையானார். அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸுக்கு அவரே தலைமை தாங்கினார். அதே நாட்களில் அங்கு கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், காவலில் இருந்த முஹம்மது அலி. வர இயலாத மகனின் தலைமை நாற்காலியில் அவரது படம் வைக்கப்பட்டிருந்தது. மாநாட்டுக்கு வந்திருந்தவர் தாயார். பர்தாவுக்குள் இருந்தபடியே அவர் அந்த அவைக்குத் தம் செய்தியைச் சொன்னார். ஆண்கள் நிறைந்த அரசியல் பேரவையில் ஒரு முஸ்லிம் மூதாட்டியின் சொல் ஒலித்தது அந்நாளில் பெருவியப்பாகப் பேசப்பட்டது.

இனி நம் தென்பகுதியோடு தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். 1921ஆம் ஆண்டு ஜூலையில் கராச்சியில் கிலாபத் மாநாடு கூடியது. ஆங்கிலேயரின் படையில் பணியாற்றுவது முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அதற்காகவே அரசு அலி சகோதரர்களைப் பிடிக்க முடிவு செய்தது. செப்டம்பர் 14ஆம் நாள், காந்தியடிகளும் முஹம்மது அலியும் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த ரயில் வால்டேர் நிலையத்தில், அதாவது இன்றைய விசாகப்பட்டினத்தில் நின்றது. அங்கே முஹம்மது அலியைக் காவல்துறையினர் கைது செய்தனர். அவருடைய மனைவி அம்ஜதி பேகமும் அந்தப் பயணத்தில் உடன் வந்திருந்தார். கணவரைக் கொண்டுபோன பின்பு அவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. காந்தியடிகளோடு பயணத்தைத் தொடர்ந்து சென்னைக்கு வந்தார். அவருடைய மனத்திண்மையைக் காந்தியடிகள் வியந்து எழுதியிருக்கிறார்.

எட்டே நாட்கள் கழித்து, செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில், காந்தியடிகள் மேலாடையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டியை உடுத்தினார் என்பது பள்ளிப் பாடத்திலேயே உள்ள செய்தி. வழியில் கண்ட ஏழை விவசாயிகளின் வறுமையே அதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது சரியே. ஆனால் வால்டேரில் முஹம்மது அலி கைதான வேளையிலேயே தொப்பியையும் சட்டையையும் களைந்துவிடும் எண்ணம் தமக்குத் தோன்றியதாகவும், பரபரப்பு உண்டாக்க விரும்பாமல் அடக்கிக்கொண்டதாகவும் காந்தியடிகளே குறிப்பிட்டிருக்கிறார். இதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை. மதுரை மேலமாசி வீதிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி இது.

மகன்மார் இருவருக்கும் கராச்சியில் நடந்த வழக்கில் 1921 நவம்பர் முதல் நாள் இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது பீ அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. அந்த வயதில் ஒரு தாய்க்கு உலகம் அனுமதிப்பது தொழுகைப் பாயும் தஸ்பீஹ் மணியும் கண்ணீருந்தான். அவர் அவற்றைக் கைவிடவில்லை. அவற்றோடு கூடவே ரயில் ஏறினார். மருமகள் அம்ஜதி பேகத்தை உடன் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். சிறையிலிருந்த மகன்மாரின் இடத்தில் நின்று கிலாபத் நிதி திரட்டினார். கதர் உடுத்தச் சொன்னார். இந்து முஸ்லிம் ஒற்றுமை இன்றி விடுதலை இல்லை என்று திரும்பத் திரும்பப் பேசினார். 1921 டிசம்பரில் அகமதாபாத்தில் நடந்த அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்.

பஞ்சாபில் ஒரு பெருங்கூட்டத்தில் பேச எழுந்தவர் முகத்திரையை விலக்கிவிட்டார். இங்கே கூடியிருப்போர் அனைவரும் என் பிள்ளைகள்; பிள்ளைகளிடம் தாய்க்குத் திரை எதற்கு என்ற பொருள்படப் பேசினார். வாழ்நாள் முழுவதும் கண்டிப்பாகப் பர்தா பேணியவர் அவர். ஆகவே அந்தச் செயலுக்குத் தனிக் கனம் இருந்தது. இதைச் சிலர் பர்தாவை எதிர்த்த புரட்சி என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் இந்த நிகழ்ச்சியையே மறைத்துவிட்டு எழுதுகிறார்கள். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் ஒரு கொள்கையை அறிவிக்கவில்லை. உறவு முறை ஒன்றை அறிவித்தார். நம் ஊரில் வயது முதிர்ந்த ஒரு நன்னி, தெருப்பிள்ளைகள் முன் முக்காட்டைச் சற்றுத் தளர விட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவதில்லையா? 'எல்லாம் நம்ம புள்ளைங்கதானே' என்பார். பீ அம்மா அந்தத் திண்ணையை ஒரு நாட்டின் அளவுக்கு அகலமாக்கினார்.

அவர் குடும்பத்தை மறந்துவிட்டு ஊர்ப்பணி செய்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மருமகளுக்கு அவர் மாமியார் மட்டுமல்லர், ஆசிரியரும் ஆவார். முஹம்மது அலிக்கு நான்கு பெண்மக்கள். தகப்பன் சிறையிலிருந்த காலத்தில் அந்தக் குழந்தைகள் தாய், பாட்டி ஆகிய இருவரின் நிழலிலேயே இருந்தனர். அவர்களுள் ஆமினா என்ற பேத்தி காசநோய்க்கு ஆளானார். 1923 ஆகஸ்டில் தகப்பன் விடுதலையாகி, அவ்வாண்டு டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். நாடே மாலையிட்டது. வீட்டிலோ மகள் நோயில் கிடந்தார். 1924இல் ஆமினா மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பேத்தியை மண்ணுக்குக் கொடுத்த அந்த ஆண்டே பாட்டிக்கும் இறுதி ஆண்டாயிற்று.

அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் துருக்கி நாடாளுமன்றமே கிலாபத்தை ஒழித்துவிட்டது. இதைத் தவிர்த்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. எந்தக் கிலாபத்துக்காக இந்திய முஸ்லிம்கள் சிறை சென்றார்களோ, பெண்கள் காதணியும் வளையலும் கழற்றிக் கொடுத்தார்களோ, அதை ஆங்கிலேயர் அழிக்கவில்லை; துருக்கியரே கலைத்தார்கள். எழுபத்து நான்கு வயது மூதாட்டி அந்தச் செய்தியை எப்படித் தாங்கியிருப்பார் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. அதனோடு இந்து முஸ்லிம் ஒற்றுமையும் அவர் கண்முன்னே தளர்ந்தது. பல ஊர்களில் கலவரங்கள் மூண்டன. 1924 செப்டம்பரில் காந்தியடிகள் ஒற்றுமை வேண்டி 21 நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். அதைத் தொடங்கிய இடம் டில்லியில் முஹம்மது அலியின் இல்லம். அக்டோபர் 8ஆம் நாள் நோன்பு முடிந்தது. அதையொட்டி முஹம்மது அலி, கசாப்புக்காரரிடமிருந்து ஒரு பசுவை விலைக்கு வாங்கிக் காந்தியடிகளுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அந்தப் பசுவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட எண்ணம் பிறக்கும் வீடாக அந்த வீட்டை வளர்த்த கையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1924 நவம்பர் 13ஆம் நாள் பீ அம்மா வஃபாத்தானார். அவர் மறைவை ஒட்டிக் காந்தியடிகள் தம் 'யங் இந்தியா' இதழில் இரங்கலுரை எழுதினார். முதுமையிலும் இளைஞர்க்குரிய ஆற்றலோடு ஓயாது பயணம் செய்தவர் என்று போற்றினார். தம் உடலைப் போர்த்தும் துணி கதராகவே இருக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் விருப்பமாக இருந்ததையும் அதில் குறிப்பிட்டார்.

கஃபன் துணி பற்றிய இந்தச் செய்தி நன்னிக்கு மிகவும் பிடித்தமானது. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டும் பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது. ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு என்ற கணக்கும், எதை முதலில் விரிப்பது, எதை மார்பில் கட்டுவது என்ற முறையும் அவருக்கு மனப்பாடம். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து போவார். கூலி வாங்கியதில்லை. திரும்பி வந்து குளித்து, தஹஜ்ஜுத் தொழுதுவிட்டுத்தான் படுப்பார். பேறுகாலம் ஆன வீடுகளுக்கு மருந்து இடித்துக் கொடுப்பதும், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பதும் அவரைச் சேர்ந்த நாலைந்து பெண்களின் வேலை. மதுராந்தகம் ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பிடியரிசிப் பானை பாதிகூட நிறையாது. அந்த வாரங்களில் நன்னி எங்கள் வீட்டுப் பானையிலிருந்து இரண்டு பிடி சேர்த்துப் போட்டுவிட்டு, 'நோட்டில் எழுதாதே' என்பார். அந்த ஒன்றை மட்டும் அவர் சொற்படி நான் எழுதவில்லை.

அவருடைய ஜனாஸாவுக்குக் கூடிய கூட்டம் நம் பள்ளிவாசல் வாசல் தாண்டி நின்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அப்போது வெளிநாட்டில் இருந்தேன். மண் போட வர வாய்க்கவில்லை.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பதே மேலானது என்று மார்க்கம் நமக்குச் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்கப் பெயர்களைத் தேடுவது தகுமா என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். நானும் யோசித்தேன். கொடுத்தவர் தம்மை மறைத்துக்கொள்வது அவருடைய உயர்வு. பெற்றுக்கொண்ட நாம் அவரை மறந்துவிடுவது அதே உயர்வில் சேராது. மேலும், நம் நோட்டில் பெயர் மறைக்கப்படவில்லை, மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவன் நான். பொதுவாக ஜமாஅத் மலர்கள் பலவற்றிலும் நன்கொடையாளர் பட்டியலைப் பார்த்தால் பெண்கள் 'இன்னாரின் துணைவியார்', 'இன்னாரின் தாயார்' என்றே வருகிறார்கள். பீ அம்மாவின் இயற்பெயரை நாட்டு வரலாறு எங்கோ ஒரு மூலையிலாவது எழுதி வைத்தது. நம் மஹல்லாவின் பீ அம்மாக்களுக்கு அதுவும் இல்லை.

கடந்த ரமலானுக்குப் பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள வீடுகளுக்கு மீண்டும் போய் வந்தேன். சில வீடுகள் இடிந்து புதிய மாடிகள் எழுந்துவிட்டன. சில குடும்பங்கள் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் பெயர்ந்துவிட்டன. என்பது வயது கடந்த மூதாட்டிகள் இருவர் உயிரோடு இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்கள் உதவியால் முப்பத்தொரு வீடுகளில் பதினேழு வீட்டுப் பெண்களின் பெயர்கள் தெரியவந்தன. நோட்டில் நான் எழுதிய ஒவ்வொரு ஆண் பெயருக்கும் எதிரே அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதி, அந்தப் பதினேழையும் தனித்தாளில் படியெடுத்து ஜமாஅத் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள், பேரர்களிடம் இசைவு கேட்காமல் இந்த மலரில் அவற்றை வெளியிடுவது முறையன்று என்பதால் இங்கே தரவில்லை. என் நன்னியின் பெயரும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

மீதிப் பதினான்கு வீடுகள் பெரும்பாலும் கிணற்றடிப் பகுதியையும் இரயில் நிலையம் போகும் வழியையும் சேர்ந்தவை. அவ்வீடுகளைச் சேர்ந்தவர்கள் யாரேனும் இந்த மலரைப் படித்தால், தங்கள் நன்னியின், பெரியம்மாவின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் அலுவலகத்தில் கொடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் மட்டும் போதும். அரிசியின் அளவு என்னிடம் இருக்கிறது.